'மோசடி': இந்தச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

"தாத்தா ஏமாந்துட்டாரு."

"தாத்தாகிட்ட மோசடி பண்ணிட்டாங்க."

இரண்டும் ஒரே சம்பவத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் முதல் வாக்கியத்தில் தாத்தா மட்டுமே இருக்கிறார். தப்பு அவர்மேல் என்பதுபோல் கேட்கிறது. இரண்டாவதில் குற்றம் செய்தவர்களும் வந்துவிடுகிறார்கள்.

நீங்கள் அடிக்கடி 'ஸ்கேம்' என்று சொல்வதைத்தான் செய்திகளில் 'மோசடி' என்கிறோம்.

பொருள் என்ன?

பொய் சொல்லி நம்பவைத்துப் பணத்தையோ பொருளையோ பறிப்பது மோசடி.

'மோசம்' இதன் உறவுச் சொல். "சாப்பாடு மோசம்" என்றால் நன்றாக இல்லை என்று பொருள். அதுவே "மோசம் போயிட்டேன்" என்றால் "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று பொருள்.

எல்லாமே மோசடியா?

இல்லை.

திருட்டு: உங்களுக்குத் தெரியாமல் எடுப்பது. மோசடியில் நீங்களே எடுத்துக் கொடுக்கும்படி செய்துவிடுவார்கள்.

கையாடல்: நம்பி ஒப்படைத்த பணத்தைத் தனக்கென எடுத்துக்கொள்வது. நீதிமன்றச் செய்திகளில் 'நம்பிக்கை மோசடி' என்று வருவதும் இந்த வகைதான்.

ஆள்மாறாட்டம்: தன்னை வேறொருவராகக் காட்டிக்கொள்வது. போலீஸ் அதிகாரிபோலப் பேசிப் பணம் பறித்தால் அது 'ஆள்மாறாட்ட மோசடி'.

அப்படியென்றால் '420'?

"அவன் சரியான ஃபோர் ட்வென்ட்டி" என்று தமிழ்ப் படங்களில் கேட்டிருப்பீர்கள். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக் குற்றத்துக்கான பிரிவு எண் அது. இந்தியாவில் 2024இல் புதிய சட்டம் வந்து எண் மாறிவிட்டது. அந்தப் பழைய சட்டத்தின் வழிவந்த சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் இன்றும் 420தான். தண்டனையில் 10 ஆண்டுவரை சிறை, அபராதம் ஆகியவை அடங்கும்.

எப்படி எழுதுவது?

"அவரை மோசடி செய்தார்" என்பதைவிட "அவரிடம் மோசடி செய்தார்" என்பதே இயல்பு. பாதிக்கப்பட்டவரைப் பற்றி எழுதும்போது "மோசடிக்கு ஆளானார்", "மோசடியில் சிக்கினார்" என்று எழுதலாம். 'மோசடிக் கும்பல்', 'மோசடிச் சம்பவம்' ஆகியவற்றில் ஒற்று மிகும்.

சொல் ஏன் முக்கியம்?

தாமே பணத்தைக் கொடுத்துவிட்டதால் பலர் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. சிலர் மோசடி என்று எடுத்துச் சொன்னாலும் நம்புவதில்லை. அதனால்தான் சிங்கப்பூரில் 2025 ஜூலை 1ஆம் தேதி ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. அத்தகையவர் பணம் அனுப்புவதைத் தற்காலிகமாகத் தடுக்கும்படி காவல்துறை வங்கிகளுக்கு உத்தரவிடலாம்.

வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால் "ஏன் ஏமாந்தீங்க?" என்று கேட்காதீர்கள். அவர் வாயை மூடிக்கொள்வார். "என்ன சொல்லி மோசடி பண்ணாங்க?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். வங்கிக்கும் காவல்துறைக்கும் உடனே தெரியப்படுத்தலாம்.

மோசடியா இல்லையா என்று சந்தேகமா? 1799 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைத்துக் கேட்கலாம்.