கடலில் விளைந்த கல்

இராமேசுவரம் போகிற ரயில் உச்சிப்புளியில் நிற்கும்போது பிரயாணிகள் பலரும் பாம்பன் பாலத்தைப் பார்க்க ஜன்னலோரம் இடம் பிடிப்பதிலேயே கருத்தாயிருப்பார்கள். நான் அங்கேயே இறங்கிவிட்டேன். ஊருக்கு வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. தெற்குக் கரைக்குப் போகிற வழியில் ஓர் இடிந்த சுவர் தென்பட்டது. அதன் கற்களில் தேன்கூட்டின் கண்களைப்போல ஆயிரமாயிரம் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு சின்னஞ்சிறு நட்சத்திரம்.

"இது என்ன கல், பெரியவரே?" என்று கேட்டேன்.

"கடல்ல வெளஞ்ச கல்லுங்கய்யா. முருகைக்கல்லு" என்றார், அருகே அமர்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர்.

கல் விளையுமா? விளையும். அதைச் சொன்னதற்காக ஒரு மனிதர் நகைப்புக்கு ஆளானதும் உண்டு. 1720-களில் பேசோனல் என்ற பிரெஞ்சு வைத்தியர், பவளம் செடியல்ல, பிராணிகளின் வேலை என்று எழுதி அனுப்பினார். பாரிஸ் விஞ்ஞானிகளுக்கு அது அபத்தமாகப் பட்டது. அவருடைய மானத்தைக் காப்பதாக நினைத்து, பெயரைக்கூடச் சொல்லாமல் மறைத்தார்கள்! 1842-ல் டார்வின் பவளத் திட்டுக்களைப் பற்றித் தனி நூலே எழுதியபோது, அதே உண்மை எல்லாரும் ஏற்ற பாடமாகிவிட்டிருந்தது.

விஷயம் இதுதான். கடுகளவு, மிளகளவு ஜந்துக்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் அது சமைக்கும் உணவில் பெரும்பங்கு வீட்டுக்காரருக்குப் போகிறது. உருண்டையாக வளரும் பவளம் வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் உயரும். நான் பார்த்த சுவரில் ஒரு முழக் கல் ஒவ்வொன்றும் நாற்பது, ஐம்பது வருஷத்து உழைப்பு.

இதெல்லாம் தெரியாத காலத்திலா நாம் அதை வெட்டினோம்? அதுதான் வேதனை. 1880-களின் இறுதியில் சென்னை மியூசியத்துத் தர்ஸ்டன் இராமேசுவரத்துக்கு வந்து இந்தக் கடலின் உயிரினங்களைப் பற்றி எழுதினார். 1927-ல் அதே மியூசியம் குருசடைத் தீவின் ஜீவராசிகளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டது. 1947-ல் தோன்றிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம், சில வருஷங்களில் உச்சிப்புளிக்குப் பக்கத்திலேயே மண்டபம் முகாமுக்கு வந்து, 1971 வரை அங்கேயே தலைமையகம் வைத்திருந்தது. அங்கே பவளங்களை ஆராய்ந்தவர்களின் கண்ணெதிரேதான் வள்ளங்கள் கடப்பாரையோடு போய்க் கல்லோடு திரும்பின. வீட்டுக்குக் கல், காளவாய்க்குச் சுண்ணாம்பு, தூத்துக்குடி ஆலைக்குக் கார்பைடு. கூலிக்குப் போனவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் அடுப்பும் எரியவேண்டுமே.

1986-ல் 21 தீவுகளைச் சேர்த்து அரசாங்கம் தேசியப் பூங்கா அமைத்தது. 2001-ல் பவளம் வனஜீவி பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. புலி இருக்கும் அதே அட்டவணை! பேசோனலுக்கு அன்றுதான் நம் நாட்டில் தீர்ப்பு கிடைத்தது என்று சொல்லலாம்.

ஆனால் தாமதத்துக்குக் கடல் வட்டி கேட்கிறது. அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் திட்டுப் போய்விட்டால், பின்னாலிருக்கும் மணல் தீவு கரைந்துவிடும். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது நீருக்குள் இருக்கின்றன. 1998-லும் 2010-லும் 2016-லும் கடல் அளவுக்குமேல் சூடாகி, பவளம் தன் பாசியை இழந்து வெளுத்தது. கடப்பாரையைச் சட்டத்தால் தடுத்தோம். வெப்பத்தை எந்தக் காவலர் தடுப்பார்?

தூத்துக்குடிப் பக்கம் வான் தீவும் தேய்ந்துகொண்டிருந்தது. அதைக் காக்க 2015 முதல் கான்கிரீட் வார்ப்புகளைக் கடலுக்குள் இறக்கி அடுக்கினார்கள். செயற்கைத் திட்டு. அதன்மேல் பவளத்தையும் நட்டு வளர்க்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: கடலிலிருந்து கல்லைப் பெயர்த்துக் கரையில் சுண்ணாம்பாக எரித்தோம், இன்று கரையில் சிமெண்டைக் குழைத்துக் கடலுக்குக் கல்லாகத் திருப்பித் தருகிறோம்.

திரும்பி வரும்போது அந்தச் சுவரை மறுபடி தொட்டுப் பார்த்தேன். பெரியவர் சிரித்தார்.

"என்னங்கய்யா, கல்லைப் போய்த் தடவுறீங்க?"

கல் என்றுதானே நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.