வழி சொன்னவர்கள்: தூத்துக்குடிக் கடலும் கரையும்

1498இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்களை மலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்குக் கூட்டிவந்த மாலுமி யார்? வெகுகாலம் இப்னு மாஜித் என்ற அரபுக் கடலறிஞர் என்று சொல்லிவந்தார்கள். இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. பெயர் தெரியாத ஒரு குஜராத்தி என்கிறார்கள். 'கண்டுபிடித்தவனு'க்குப் பெயர், சிலை, தபால்தலை எல்லாம் உண்டு. வழி சொன்னவனுக்கு ஊரும் இனமும் மட்டும்தான், அதுவும் சந்தேகத்தோடு. காலனிய ஆவணங்களில் 'உள்ளூர் ஆள்' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஒரு அறிவு களவு போயிருக்கிறது என்று வாசிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். தூத்துக்குடியை அப்படி வாசித்துப் பார்க்கலாம்.

முத்து என்றவுடன் பாண்டியரின் கொற்கை, ரோமானியத் தங்கம் என்று ஒரு பெருமிதக் கதையாடல் நம்மிடம் தயாராக இருக்கிறது. அந்தக் கதையில் கடலுக்குள் முங்கினவன் இருப்பதில்லை. சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தொலையாயிரம் பார் போலப் பெயர் பெற்ற பார்கள் மன்னார் வளைகுடாவில் பல உண்டு. தண்ணீருக்கு மேலே இவற்றுக்கு எந்த அடையாளமும் கிடையாது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் கொண்டுவந்து, வேறொரு திசையில் இன்னும் இரண்டைக் கோட்டில் வைத்து, இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் நங்கூரம் போட வேண்டும். குமரிக் கரையில் இதைக் கணியம் என்பார்கள். போர்த்துக்கீசியர், 1658இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று யார் வந்தாலும், குளிப்புக்கு முன் பாரைச் சோதிக்க இந்தக் கண்களும் குளிகாரனின் மூச்சும் வேண்டியிருந்தன. சோதனையின் முடிவு அரசாங்கக் கணக்காகவும் வரைபடமாகவும் மாறியது. கணக்கில் சிப்பி எண்ணிக்கை இருக்கும்; மூச்சடக்கியவன் பெயர் இருக்காது.

எனக்குக் கடலைக் காட்டியவர் தோணியில் தண்டலாக இருந்து ஓய்ந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துப் போனவர். படத்தை விரித்ததும் சிரித்தார்: "இதெல்லாம் கப்பக்காரனுக்கு. நமக்கு மாதா கோயிலும் முயத்தீவு வௌக்கும் போதும். ரெண்டும் எங்க நிக்கின்னு பாத்தா நாம எங்க நிக்கோம்னு தெரிஞ்சிரும்." பக்திக்கும் கடலோட்டத்துக்கும் நடுவே நாம் போடும் கோடு அவர் பேச்சில் இல்லை. 1713இல் எழுந்த பனிமய மாதா கோயில் அவருக்கு வழிபாட்டிடம், திசைகாட்டியும் அதுதான்.

சுறாவைக் கட்டுகிறவர்களின் கதை இன்னும் சுவாரசியமானது. பெருமீன்கள் குளிகாரரைத் தாக்காமல் மந்திரித்துவிடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் போனதாக 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதுகிறார். மந்திரவாதியின் கூலி மன்னனின் வரியில் சரிபாதி! 'கடல் கட்டி' என்ற இந்தப் பதவி ஆங்கிலேயர் காலம்வரை நீடித்தது. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கு அக்கரையில், இலங்கைச் சலாபத்தில், அரசுச் சம்பளத்தில் சுறா கட்டியவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர். பகுத்தறிவின் பேரால் ஆண்ட ஒரு அரசு மந்திரவாதிக்குச் சம்பளம் எழுதியது ஏன்? அவர் வராமல் குளிகாரன் கடலில் இறங்க மாட்டான். மந்திரத்தில் குளிகாரனுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்ததோ, நமக்குத் தெரியாது. ஆனால் 'இன்று இறங்க மாட்டோம்' என்று சொல்ல அவனுக்கு அது ஒரு வழி. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால், உழைப்பவனிடம் மிச்சமிருந்த ஒரே பேரம் கண்ணில் படாது.

ஆனால் உள்ளூர்க்காரர் சொல்வதெல்லாம் சத்தியம் என்று விழுந்துவிடுவதற்கும் இல்லை. 1530களில் பரதவர் கத்தோலிக்கத்துக்கு மாறியதைத் தூத்துக்குடியில் கேட்டால் ஒரு கதை: முத்துக்குளிப்பில் முஸ்லிம்களோடு மோதல், காதணியோடு அறுபட்ட காது, கொச்சிக்குப் போன தூது, கைதூக்கிவிட்ட போர்த்துக்கீசியர். தெற்கே காயல்பட்டினத்துக்குப் போய்க் கேட்டால் அதே ஆண்டுகள் கடல் வணிகத்தைப் பறிகொடுத்த ஆண்டுகள். 1538இல் வேதாளையில் மாப்பிள்ளைக் கப்பற்படை போர்த்துக்கீசியரிடம் தோற்றதில் போய் முடியும். இரண்டு ஊரும் ஒரே கடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தூதரைக் கொச்சிக்கு அழைத்துப்போனதாகச் சொல்லப்படும் ஜோவாவ் ட குரூஸ், மதம் மாறிய குதிரை வியாபாரி. இருபக்கமும் பேசத் தெரிந்தவர். வழிகாட்டி என்பவர் எப்போதும் அப்பாவி அல்ல. இடையில் நிற்பதாலேயே அவருக்கு ஒரு லாபமும் உண்டு. சமூகத்துக்குள்ளும் அப்படித்தான். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் சாதித்தலைவனோடு மட்டுமே பேசினார்கள், குளிகாரனோடு பேசவில்லை.

கொற்கை இப்போது கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து போட்ட மண் அது. 1870களில் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தார். மார்க்கோ போலோ சொன்ன காயல் பழையகாயல்தான் என்று அடையாளம் கண்டதும் அவரே. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தது. ஊர்க்காரர்கள் நம்மை முதலில் கூட்டிப்போவது அகழ்ந்த இடத்துக்கு அல்ல. சாய்ந்து கிடந்தும் துளிர்க்கும் ஒரு வன்னி மரத்திடம். இரண்டாயிரம் வருஷம் என்கிறார்கள். ஆய்வாளர் முகம் சுளிக்கலாம். ஆனால் துறைமுகம் செத்துப் போன ஊர், சாகாத ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதும் ஒரு ஆவணம்தானே.

நகரத்தில் வழிகாட்டிகள் தயக்கமின்றிச் சொல்கிற வரலாறு வ.உ.சி.யுடையது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 'காலியா', 'லாவோ' கப்பல்கள், 1908இல் தண்டனை, 1911இல் கம்பெனி கலைப்பு. (டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச்சுருக்கமும் வி.ஓ.சி.தான். வரலாறு சில சமயம் இப்படிக் குறும்பு செய்யும்.) 2011இல் துறைமுகத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள். ஆனால் 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில்லை விட்டு வெளியே வந்த தொழிலாளிகள் இந்தச் சுற்றுலாவில் வருவதில்லை. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கேட்டு வென்ற வேலைநிறுத்தம் அது. ஆங்கிலேயரை அச்சுறுத்தியது கப்பலா, கப்பல்காரர் மில் வாசலில் நின்று பேசியதா? கைதும் நெல்லைக் கலவரமும் வேலைநிறுத்தம் முடிந்த அடுத்த வாரமே நடந்தன. தேசிய வரலாறு கப்பலை எடுத்துக்கொண்டு மில்லைக் கரையிலேயே விட்டுவிட்டது.

உப்பளங்களுக்கு எந்த வழிகாட்டியும் கூட்டிப்போவதில்லை. நாமாகக் கேட்டுத்தான் போக வேண்டும். நாட்டின் உப்பில் குஜராத்துக்கு அடுத்த பங்கு இங்கிருந்துதான். வெளிச்சம் வருமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்கள், வாரியதைச் சுமந்து மேட்டில் கொட்டுகிறவர்களில் பாதிக்குமேல் பெண்கள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கொல்கிறது. "மழ பெஞ்சா ஊரெல்லாம் சந்தோசப்படும், நாங்க அழுவோம்," என்றார் ஒரு அம்மா. தண்டலிடம் உப்பளம் பற்றிக் கேட்டபோது, "அது வேற ஆளுக வேல" என்று முடித்துக்கொண்டார். கடலின் ஒவ்வொரு நெளிவும் தெரிந்தவருக்குக் கரையில் ஒரு கோடு இருக்கிறது. அது எந்தப் படத்திலும் இல்லாத சாதிக்கோடு.

முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. 1973இல் மத்திய கடல் மீன் ஆய்வு நிலையம் இங்கே வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது; குளிகாரனின் மூச்சு தேவையில்லாத முத்து. 1974இல் துறைமுகம் பெருந்துறைமுகமானது. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் கொடுத்த பல பத்தாண்டுகளில் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குக் கீழே போயின. வான்தீவும் பெரும்பகுதி தேய்ந்து, 2015க்குப் பிறகு செயற்கைப் பார்களை இறக்கித் தாங்கிப் பிடித்தார்கள். பாறையை வெட்டியவர்களும் மீனவர்கள்தாம் என்று சுற்றுச்சூழல் அறிக்கைகள் சுட்டிக்காட்டுகின்றன. கூலி கொடுத்தவர்கள் பக்கம் விரல் அவ்வளவாக நீள்வதில்லை.

1996இல் ஸ்டெர்லைட்டுக்குத் தாது கொண்டுவந்த கப்பலை மறித்தவை மீனவர் படகுகள். கப்பல் எந்தத் திசையில் வரும், எங்கே நிற்கும் என்று படம் பார்க்காமல் தெரிந்தவர்கள் அவர்கள். 2018 மே 22இல் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்த கூட்டத்தில் கடற்கரைக்காரர், வியாபாரி, மாணவர், உள்கிராமத்தார் எல்லாரும் இருந்தார்கள். போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். ஆறு நாளில் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளியது. தண்டலிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் வழியைத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எந்த முக்கில் போலீஸ் நின்றது, எந்தச் சந்து வழியாக ஆட்கள் தப்பி ஓடினார்கள் என்று. பாரைக் காட்டும்போது போட்ட அதே கோடுகளைக் கையால் காற்றில் போட்டார்.