ரேகையும் காரணமும்: குற்றப் பரம்பரைப் பதிவும் 1920ஆம் ஆண்டின் இரு சட்ட நிலைகளும்

1871இல் வட இந்தியப் பகுதிகளை முன்னிட்டு இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பகுதிப் பிரமலைக் கள்ளர் 1910களில் படிப்படியாக அதன்கீழ் அறிவிக்கப்பட்டனர். மக்கள் வழக்கில் அது ‘ரேகைச் சட்டம்’ எனப்பட்டது. இவ்வழக்கைப் பேச்சுச் சுருக்கமாகக் கொள்வது போதாது. இருப்பிடம் தெரிவித்தல், குறித்த வேளையில் காவலர்முன் வருதல் முதலிய பல கட்டளைகளுள் உடலின் அடையாளத்தை ஒப்படைப்பதையே மக்கள் சட்டத்தின் சாரமாகக் கண்டனர் என்பதற்கு அப்பெயரே சான்று.

குற்றப் புலனாய்வில் ரேகைக்குப் பயனில்லை என்று கூற இயலாது. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு நிறுவப்பட்டது. அதற்கும் முன்னர், 1858இல் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவைப் பெற்றது, எழுதிக் கொடுத்ததைப் பின்னாளில் மறுக்காதிருப்பதற்காக; அங்கே குற்றம் என்ற பேச்சே இல்லை. ஆகவே ஆராய வேண்டியது, எக்காரணத்தால் ரேகை கேட்கப்பட்டது என்பதே.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் அக்காரணம் பிறப்பு. ஒரு குழுவினர் குற்றத் தொழிலில் ஊறியவர் என மாகாண அரசு நம்பினால் போதும். அவ்வறிவிப்பு செல்லுமா என்று நீதிமன்றம் வினவ முடியாது. பதிவேட்டில் தம் பெயர் இடம்பெற்றதைக் குறித்து ஒருவர் முறையிடலாம். ஆனால் மாவட்ட நிருவாகத்தின் தலைவரான மாவட்ட மாஜிஸ்திரேட்டிடமே முறையிட வேண்டும். ரேகை தர மறுப்பது தனிக் குற்றம். எக்குற்றமும் செய்யாதவர், மறுத்த அக்கணமே சட்டப்படி குற்றவாளியானார்.

உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று மக்கள் இப்பதிவை மறுத்தனர். காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். இதனைக் கலவரமாக மட்டும் எழுதும் பார்வை, மறுப்பின் பொருளைத் தவறவிடுகிறது. நீதிமன்றக் கதவு முன்னரே அடைக்கப்பட்ட நிலையில், மறுப்பைத் தெரிவிக்க ஊர் எல்லையைத் தவிர வேறு இடம் எஞ்சியிருக்கவில்லை. கள்ளர்களுக்காகச் சட்டவழியில் வாதாடிய ஜார்ஜ் ஜோசப் ‘ரோசாப்பூ துரை’ என இன்றும் நினைக்கப்படுவதும் இதனால்தான் போலும்.

அதே ஆண்டு செப்டம்பரில் கைதிகள் அடையாளச் சட்டம் நிறைவேறியது. ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் விதிக்கத்தக்க குற்றத்தின்பேரில் கைதானவரிடமே காவலர் அளவீடு கோரலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ விடுதலை பெற்றாலோ, நீதிமன்றம் வேறு ஆணையிட்டாலன்றி அப்பதிவு அழிக்கப்பட வேண்டும். ஆக, காரணமும் வரம்பும் அழிப்பும் தேவை என்பதைக் குடியேற்ற அரசு அறியாமலில்லை. அறிந்திருந்தும் அறிவிக்கப்பட்ட சமூகங்களுக்கு அவற்றை அது வழங்கவில்லை.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதில் பதிவுக்குரிய அலகு சாதியன்று, தண்டனை பெற்ற தனிமனிதர். பதிவேடு மட்டும் தொடர்ந்தது.