ஆலங்காட்டில் ஒரு 'எச்'

2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டது. வேலூரில் வருவது ஏகார நெடில் என்பதால் 'வி'க்குப் பின்னால் இரண்டு 'இ' போட்டார்கள். ஆங்கிலம் படித்தவன் வாயில் அது வீலூர் ஆயிற்று. ஊரே சிரித்தது, பத்து நாளுக்குள் ஆணை வாபஸ். சிரித்ததோடு நாமும் விட்டுவிட்டோம். ஒரு பெயரை இன்னொரு மொழியின் எழுத்தில் 'சரியாக' எழுதுவது என்றால் என்ன? சரி என்று சொல்வது யாருடைய காது?

திருவாலங்காட்டை எடுத்துக்கொள்வோம். ஆலமரக் காடு, காரைக்கால் அம்மையார் மூத்த திருப்பதிகம் பாடிய இடம். இப்பெயரின் மேல் முதலில் கைவைத்தது ஆங்கிலம் அல்ல. சமஸ்கிருதம் இதை வடாரண்யம் ஆக்கியது, சாமி வடாரண்யேஸ்வரர் ஆனார். நல்லவேளை, கோயிலுக்குள் போன பெயர் ரயில் டிக்கெட்டுக்கு வரவில்லை. திருமறைக்காட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அது வேதாரண்யமாகவே நிலைத்துவிட்டது. சமஸ்கிருதம் பொருளை வைத்துக்கொண்டு ஒலியைத் தள்ளியது. ஆங்கிலமோ பொருளைப் பற்றிக் கவலையே படாமல் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டது. 'திரு' அதற்கு 'ட்ரி' என்று கேட்டது: ட்ரிவெல்லூர், ட்ரிப்ளிகேன், ட்ரிச்சினாப்பள்ளி.

1905இல் இவ்வூரில் முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் கிடைத்தன. 1920இல் அவற்றைப் பதிப்பித்த கிருஷ்ண சாஸ்திரி, 'காடு' என்பதை நாம் பேசுகிறபடி 'ஜி', 'டி' போட்டு 'காடு' என்றே ஒலிக்க எழுதினார். 1924இல் வெளிவரத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் முறையிலோ ககரம் எங்கே வந்தாலும் 'கே'தான். ஒருவர் காதுக்கு விசுவாசம், மற்றவர் எழுத்துக்கு. இரண்டிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

ஜப்பானிலும் இதே வழக்குதான். சிபா என்றொரு நகரம். அதன் முதல் அசை ஜப்பானிய நெடுங்கணக்கில் 'த' வரிசையைச் சேர்ந்தது. ஆகவே 1937இல் அவர்களுடைய அரசு ஏற்ற முறையில் அது 'டி, ஐ' என்று தொடங்கும். ஹெப்பர்ன் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவரின் முறையில் 'சி, எச், ஐ'. 1945 செப்டம்பரில் வென்றவர்களின் ராணுவம் ஊர்ப்பலகைகளை ஹெப்பர்ன் முறையில் எழுதச் சொல்லி உத்தரவு போட்டது. 1954இல் ஜப்பானிய அமைச்சரவை தன் முறையையே மறுபடி அறிவித்தது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒரு சிபாவைப் படித்தது, ரயில் நிலையத்தில் இன்னொரு சிபாவைப் பார்த்தது.

நம் 2020 பட்டியல் இந்த இரண்டு பக்கமும் நிற்கவில்லை. தர்மபுரியைத் தருமபுரியாக்கியபோது எழுத்தின் பக்கம். எழும்பூரில் இரட்டை 'ஓ' போட்டபோது ஆங்கிலக் காதின் பக்கம்.

1952 ஆகஸ்டில் பெரியார் அழைப்பை ஏற்று ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசினார்கள். பக்கத்திலிருந்த ஆங்கிலத்தின் மேல் தார் விழவில்லை. அதை நாம் யாருக்கும் சொந்தமில்லாத எழுத்தாக எடுத்துக்கொண்டோம். அப்படி இல்லை என்பது காகிதத்தில் மாட்டிக்கொண்டவனுக்குத் தெரியும். அப்பன் சான்றிதழில் 'டி'க்குப் பின்னால் 'எச்' இருக்கிறது, மகள் சான்றிதழில் இல்லை. "ரெண்டும் ஒரே ஊர்தானா? எழுதி வாங்கிட்டு வா" என்கிறார் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். ஒரு நாள் கூலி போச்சு.

ட்ரிவெல்லூர் என்று எழுதிய வெள்ளைக்காரன் போய்விட்டான். இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும்தான் அந்த ஆங்கில வரியை எழுத்துக்கூட்டிப் படித்து இறங்குகிறார்கள். 1018 பெயர்களை மாற்ற உட்கார்ந்தபோது இவர்கள் வாயில் அந்தப் பெயர் எப்படி வரும் என்று யாராவது ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.