காயல்பட்டினப் பள்ளிவாசல்களின் கட்டட மரபு
தாமிரபரணி முகத்துவாரத்துக்குத் தெற்கே அமைந்த காயல்பட்டினம், அரபுக் கடல்வணிகத்தோடு தொடர்புடைய பழமையான இஸ்லாமிய நகரமாகும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட 'காயல்' துறைமுகத்தை அருகிலுள்ள பழையகாயலாக இனங்கண்டவர் கால்டுவெல்.

காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களில் கல்தூண்களும் போதிகைகளும் கல்பலகைக் கூரையும் காணப்படுவதால், அவற்றைக் கோயிற்கலையின் நகல் எனக் கொள்வது பொருந்தாது. கோயில் மண்டபம் கருவறையிலுள்ள திருவுருவத்தை நோக்கி அமைவது. தொழுகைக்கூடத்தின் மிஹ்ராப் மாடமோ மக்காவின் திசையைக் காட்டுவதேயன்றி உருவம் எதனையும் கொள்வதில்லை. தூண்களிலும் மனித, விலங்கு உருவங்கள் தவிர்க்கப்பட்டுப் பூவேலைகளே இடம்பெறுகின்றன. தொழில்நுட்பம் பொதுவானது, வழிபாட்டு நோக்கம் வேறானது.

ஆகவே, புதுப்பித்தலின்போது பழந்தூண்கள் அகற்றப்படுமாயின், தமிழ்க் கல்தச்சு மரபு இஸ்லாமிய வழிபாட்டுக்கு இசைந்து நின்ற வரலாற்றின் நேரடிச் சான்றே அழியும்.