பெயர் ஏறிய மலை: நீலகிரியில் மயிலும் மயிற்பெயர்களும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் மயில் அகவுவது இன்று பேச்சாகிவிட்டது. குறிஞ்சிக்கு உரிய பறவை தன் மலைக்குத் திரும்புகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வோர் பலர். முருகனின் ஊர்தி, திணைக் கருப்பொருள், ஊருக்கு ஊர் வழங்கும் மயிற்பெயர்கள் என அவர்களிடம் சான்றுகளும் உண்டு. இச்சான்றுகள் பறவையின் பழைய வாழிடத்தை நிறுவப் போதா என்பதே என் வாதம்.

பெயர்களை முதலில் பார்ப்போம். மயில்கொன்றை அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. அதன் பூ சிவப்பும் மஞ்சளும்; மயிலின் நீலம் அதில் துளியும் இல்லை. மேற்குத்தொடர்ச்சி மலையின் வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் கேரளம் 2018இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக்கி, ‘புத்த மயூரி’ என்கிறது. அதற்கு இப்பெயரைத் தந்தது சிறகின் பசுநீலப் பட்டை. மலைத்தோட்டங்களோடு நெருங்கிப் பழகிய பெயரோ மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். 1869இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் தென்னிந்தியக் காப்பியையும் தாக்கியது. 1885இல் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்காக தாவரவியலாளர் மில்லார்தே முன்வைத்த போர்டோ கலவை பின்னர் காப்பிக்கும் மருந்தாயிற்று. ஒரு விழுக்காட்டுக் கலவைக்கு நூறு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேரும். பறவைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

நிறமே இப்பெயருக்குக் காரணம் என்றாலும் அந்த நிற ஒற்றுமையும் மேலோட்டமானது. துத்தத்தின் நீலம், செம்பு அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருப்பதால் வருவது. சூடேற்றி நீரை விரட்டினால் தூள் வெளுத்துவிடும். மயிற்பீலியில் நீலச் சாயம் கிடையாது. நுண்ணிய கருநிறமிக் கோல்களின் ஒழுங்கான அடுக்கு ஒளியைச் சிதறடிப்பதால் பிறக்கும் நிறம் அது. பீலியை நனைத்தால் நிறம் மங்குவதை ராபர்ட் ஹூக் 1665இலேயே எழுதிவிட்டார். ஒன்று நீரால் நீலம் பெறுகிறது, மற்றது நீரால் அதை இழக்கிறது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பொருளைத் தேடுவோர் இதைக் கவனிக்கலாம்.

திணைச் சான்று இதைவிட வலுவானது. எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இலக்கியக் குறிஞ்சி உதகை மேட்டுநிலம் அன்று. அதன் உணவு தினையும் மூங்கிலரிசியும் தேனும். காட்டை வெட்டிச் சுட்டுத் தினை விதைத்த புனமே அதன் மையம். கிளியும் மயிலும் வருவது அந்தப் புனத்துக்கு. அதாவது, திறந்த சரிவும் தானியமும் புதரும் உள்ள தாழ்மலை. நீலகிரியில் அதற்கு இணையான நிலம் சீகூர் மேடும் மசினகுடியும் மாயாற்றுப் பள்ளமுந்தான். அங்கே மயில் என்றும் உண்டு. தென்னிந்திய மலைகளில் சுமார் 1800 மீட்டர் வரை மயில் ஏறும் எனப் பறவை நூல்கள் கூறும். குன்னூர் அந்த விளிம்பில் நிற்கிறது. 2200 மீட்டருக்கு மேலுள்ள உதகையும் அதைச் சூழ்ந்த சோலை–புல்வெளியும் அதற்கு அப்பால். குறிஞ்சிப் பூ அங்கே பூக்கிறது என்பதற்காக, குறிஞ்சித் திணையின் பறவைகளையெல்லாம் அதே உயரத்தில் குடியேற்றிவிட முடியாது.

அப்படியானால் இன்றைய அகவலை எப்படி வாசிப்பது? கேரளம் ஒரு வழி காட்டுகிறது. சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் நடத்திய கணக்கெடுப்பில் மயில் பதிவாகவில்லை. இன்று அங்கே மயில் பரவலாகக் காணப்படுகிறது. கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இப்பரவலை மாறிவரும் காலநிலையின் அறிகுறியாகக் கண்டனர். வறண்ட, திறந்த நிலத்தை நாடும் பறவைக்கு அத்தகைய நிலம் பெருகினால் எல்லையும் பெருகும். நீலகிரியில் தேயிலையும் காய்கறித் தோட்டமும் சாலையும் மேட்டுக்காட்டைத் திறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இங்கும் அதே காரணம் செயல்படுகிறதா என்பதைத் தலபுராணத்தைப் புரட்டி முடிவுசெய்ய இயலாது. எந்த உயரத்தில், எந்த மாதத்தில், குஞ்சுகளோடு காணப்பட்டதா என்ற பதிவுகளே அதற்கு வேண்டும். ஒற்றை ஆண்மயில் தேயிலைப் பாதையில் தோகை விரித்த படம் அதற்குப் போதாது.