பெட்டைக் குதிரைக்குப் பசுமாட்டுப் பக்குவம் பலிக்காது: வேலூர், ஆம்பூர் பகுதிக் குதிரை வளர்ப்போருக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் ஜட்கா வண்டிகள் குறைந்துவிட்டன. குதிரைகள் போய்விடவில்லை. திருமண ஊர்வலம், கோயில் விழா, பந்தயம், பிள்ளைகளுக்குச் சவாரி என்று ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போய், மார்வாரியோ காத்தியவாரியோ கலந்த ஒரு பெட்டையைப் பிடித்து வந்து, தென்னந்தோப்பு ஓரம் கொட்டகை போட்டு, ‘இதில் ஒரு குட்டி எடுத்தால் போட்ட பணம் வந்துவிடும்’ என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு.

இவர்களில் பெரும்பாலோர் மாடு வளர்த்துப் பழகியவர்கள். அந்த அனுபவம் நல்லதுதான். ஆனால் சில இடங்களில் அதுவே குட்டியையும் தாயையும் பறித்துவிடுகிறது. பசு கன்றை இழந்தாலும் பால் கறக்கிறது. பெட்டைக் குதிரை 11 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடுகிறது. அது போனால் ஓராண்டுத் தீவனச் செலவு முழுவதும் போயிற்று. ஆகவே, மாட்டு வழக்கத்தை எங்கே கைவிட வேண்டும் என்பதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்கிறேன்.

குட்டி எடுக்கத் தகுந்த பெட்டை எது?

ஒன்றரை, இரண்டு வயதிலேயே பெட்டை பருவத்துக்கு வரும். அதற்காகச் சேர்க்கக் கூடாது. குறைந்தது 3 வயது முடிந்து, நல்ல வளர்ச்சி இருந்தால் மட்டும் பொலிக்குதிரையிடம் கொண்டுபோங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான உடல்வாகு. எலும்பு துருத்தி நிற்கும் பெட்டை சினை பிடிப்பது அரிது.

நொண்டுகிறது, வண்டிக்கு ஆகவில்லை, சரி குட்டியாவது எடுப்போம் என்று கேட்டு வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வேண்டாம். கால் வலியுள்ள பெட்டை கடைசி 3 மாதம் குட்டியின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். நொண்டலுக்குக் காரணம் பிறவிக் கோளாறு என்றால் அது குட்டிக்கும் போகலாம்.

தண்ணீரை முதலில் சோதியுங்கள்

நம் பகுதிக்கே உரிய பிரச்சினை இது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டுகிறது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்கிறது அந்தக் கணக்கு. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியேறுவதில்லை. பாலாற்றங்கரையில் ஒரு கிணறு இனிப்பாகவும் நான்கு வயல் தள்ளி இன்னொன்று உவர்ப்பாகவும் இருப்பதை நீங்களே அறிவீர்கள்.

குடிநீரில் கரைந்த உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 1,000 மி.கி.க்குள் இருந்தால் கவலையில்லை. 3,000 வரை குதிரை தாங்கும். 3,000 முதல் 5,000 வரை போனால் தொடக்கத்தில் சாணம் இளகும், சில குதிரைகள் குடிக்க மறுக்கும். 5,000க்கு மேல் சினைப் பெட்டைக்கும் பால் கொடுக்கும் பெட்டைக்கும் தவிர்க்க வேண்டும். 7,000க்கு மேல் எந்தக் குதிரைக்கும் கொடுக்க வேண்டாம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் பாசன நீர்ப் பரிசோதனை செய்திருந்தால், அறிக்கையில் மின்கடத்து திறன் என்று ஓர் எண் இருக்கும். அதை 640ஆல் பெருக்கினால் ஏறத்தாழ டி.டி.எஸ். அளவு கிடைத்துவிடும். உதாரணமாக, 5 என்று இருந்தால் 3,200. மே மாதத்தில், கிணறு அடிமட்டத்தில் இருக்கும்போது மாதிரி எடுங்கள். மழைக்குப் பின் எடுத்த மாதிரி உங்களை ஏமாற்றும். குரோமியத்தைக் கையில் பிடிக்கும் மீட்டர் காட்டாது, ஆய்வகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். கால்நடைக் குடிநீரில் அது லிட்டருக்கு 1 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

உவர்நீர் குடித்தால் குதிரை உடனே விழுந்துவிடாது. பிடிக்காத தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும். 300 கிலோ பெட்டைக்குச் சாதாரண நாளில் 15 முதல் 20 லிட்டர் தேவை. வேலூர் வெயிலில், பால் கொடுக்கும்போது, அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். குறைத்துக் குடித்தால் குடலில் தீவனம் இறுகி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மாட்டுக்கு வயிறு உப்பினால் செய்யும் கைவைத்தியம் எதுவும் இங்கே உதவாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் கால்நடைத் தொட்டிக்குத் திருப்பிவிடுகிறார்கள். இருக்கிற உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. அதேபோல், தோல் ஷாப்பில் பச்சைத் தோலிலிருந்து உதறிய உப்பை நக்குவதற்கு வைக்கவே கூடாது. தோல் கழுவிய நீர் வடியும் இடத்தில் மேய விடவும் வேண்டாம். அடைப்பான் நோய்க் கிருமியின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

கம்பு நேப்பியரும் கோதுமைத் தவிடும்

பால் மாட்டுக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வரப்பிரசாதம். அதையும் கோதுமைத் தவிட்டையும் மட்டும் மாதக்கணக்கில் குதிரைக்குப் போட்டால் எலும்பு கரையத் தொடங்கும். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாட்டின் அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு குறைவு. இரண்டும் சேரும்போது பெட்டை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கிறது. இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று மாறி மாறி நொண்டும். பிறகு தாடை எலும்பும் முகமும் புடைத்துப் பெருக்கும். சினைக் காலத்தில் இது வந்தால் குட்டியின் எலும்பையும் பாதிக்கும்.

நேப்பியரை நிறுத்த வேண்டியதில்லை, பசும்புல்லில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மீதியைக் குதிரைமசால், சோளத்தட்டு, அருகம்புல் என்று கலந்து போடுங்கள். குதிரைமசாலுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. சுண்ணாம்பும் புரதமும் அதில் நிறைவு. ஆனால் உவர் நிலத்தில் அது சரியாக வளராது. உங்கள் மண் அப்படி என்றால் திருப்பத்தூர், வாணியம்பாடி பக்கம் கிடைக்கும் கடலைக்கொடியை வாங்கிக் காயவைத்து வையுங்கள். பூசணம் பிடித்தது, புழுதி நாறுவது வேண்டாம். தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்கலாம்.

300 கிலோ பெட்டைக்கு நாளொன்றுக்கு 6 கிலோ உலர் பொருள் போதும். அதில் மூன்றில் இரண்டு பங்கு நார்த்தீவனமாக இருக்கட்டும். குட்டியின் எடையில் பாதிக்கு மேல் கடைசி 3 மாதத்தில்தான் கூடுகிறது. ஊறவைத்த கொள்ளு, உடைத்த சோளம் போன்றவற்றை அப்போது படிப்படியாகக் கூட்டுங்கள், ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. கோழித் தீவனம் மிச்சமிருக்கிறது என்று ஒருபோதும் போட வேண்டாம். கோழிகளுக்கு ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மொனென்சின், மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும். சில மாட்டுத் தீவனங்களிலும் அது இருக்கலாம். மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எப்போது, எந்தப் பொலிக்குதிரையிடம்?

ஆடியில் சேர்த்தால் அடுத்த ஆனியில் குட்டி விழும். கத்திரி வெயில் முடிந்திருக்கும், மழை தொடங்கிப் பசும்புல் கிடைக்கும். வைகாசியில் சேர்த்தால் உச்ச வெயிலில் பிரசவம். அதைத் தவிர்த்துவிடலாம்.

பருவச் சுழற்சி 21 நாள். பருவம் 5 முதல் 7 நாள் நீடிக்கும். வாலைத் தூக்குவது, அடிக்கடி சிறுநீர் விடுவது, பிறப்புறுப்பை மூடித் திறப்பது அறிகுறிகள். பசுவில் பருவம் முடிந்த பிறகு கருமுட்டை வெளியாகும். குதிரையில் பருவம் முடிய ஒன்றிரண்டு நாள் இருக்கும்போதே வெளியாகிவிடும். ஆகவே பருவம் கண்ட இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், பெட்டை மறுக்கும்வரை சேர்க்க வேண்டும்.

பெரிய பொலிக்குதிரையைச் சேர்த்தால் குட்டி பெரிதாகிப் பிரசவம் சிக்கலாகுமோ என்று பயப்படுவார்கள். சிறிய நாட்டுப் பசுவுக்குப் பெரிய சீமைக் காளையின் விந்து போட்டு அவதிப்பட்ட அனுபவம் அது. குதிரையில் பிறக்கும் குட்டியின் அளவைப் பெரும்பாலும் தாயின் கருப்பைதான் தீர்மானிக்கிறது. வால்டன், ஹாமண்ட் என்ற இரு இங்கிலாந்து ஆய்வாளர்கள் மிகப் பெரிய ஷையர் இனத்தையும் மிகச் சிறிய ஷெட்லாண்ட் இனத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து 1938இலேயே இதைக் காட்டினார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது நோய்க்கு. பொலிக்குதிரைக்குக் கிளாண்டர்ஸ் இல்லை என்ற பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. சர்ரா நோய்க்கு ரத்தப் பரிசோதனையும் தேவை. பெட்டை கருச்சிதைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பசுவுக்கு இரண்டு மாதம் கழித்துச் சினை பார்ப்போம். குதிரையில் 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். காரணம் இரட்டைக் கரு. குதிரையின் கருப்பை இரண்டைத் தாங்காது, பெரும்பாலும் பிந்திய மாதங்களில் இரண்டும் சேர்ந்து சிதைந்துவிடும். 16ஆம் நாளுக்குள் கண்டுபிடித்தால் மருத்துவர் ஒன்றை நசுக்கி மற்றதைக் காப்பாற்ற முடியும். 35 நாள் தாண்டினால் கருவே போனாலும் பெட்டை சில மாதங்களுக்குப் பருவத்துக்கு வராது. அந்த ஆண்டு கைநழுவிவிடும்.

சினை உறுதியான பிறகு லேசான வேலை கொடுக்கலாம், 8ஆம் மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். பிரசவத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பு ரண ஜன்னித் தடுப்பூசி கட்டாயம். கருச்சிதைவு உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிராக ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. 5, 7, 9ஆம் மாதங்களில் போடுவது வழக்கம், கிடைக்குமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பிரசவ இரவு

பெரும்பாலும் இரவில்தான் ஈனும். காம்பு நுனியில் மெழுகு போலச் சீம்பால் திரண்டால் ஒன்றிரண்டு நாள்தான். பனிக்குடம் உடைந்தபின் குட்டி வெளியே வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. பசுவுக்குக் காத்திருப்பது போல இரண்டு மணி நேரம் காத்திருந்தால் குட்டி இருக்காது. முதலில் வெண்மையான சவ்வு தெரிய வேண்டும். அதற்குப் பதில் வெல்வெட் போன்ற சிவந்த பை தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது என்று பொருள். மருத்துவர் வரும்வரை காத்திராமல் அதைக் கிழித்துக் குட்டிக்கு மூச்சுக்கு வழி செய்யுங்கள்.

அதன்பின் கடிகாரத்தைப் பாருங்கள். 1 மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். 2 மணிக்குள் பால் குடிக்க வேண்டும். 3 மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். பசுவில் 12 மணி நேரம் வரை பொறுப்போம் அல்லவா, பெட்டையில் 3 மணி தாண்டினாலே அவசரம். கருப்பையில் தங்கிய துண்டின் நஞ்சு ரத்தத்தில் ஏறிக் குளம்பு வீங்கி, குதிரை நிரந்தரமாக முடமாகலாம், உயிரும் போகலாம். தொங்கும் கொடியில் கல் கட்டுவது, கையால் இழுப்பது இரண்டும் கூடாது. அதை மேலே சுருட்டி முடிச்சுப் போட்டுவிட்டு மருத்துவரை அழையுங்கள். விழுந்த கொடியைத் தூக்கி எறியாமல் வாளியில் வைத்திருங்கள். முழுதாக வந்ததா என்று அவர் விரித்துப் பார்க்க வேண்டும்.

சீம்பாலில் ஒரு டம்ளர்கூட வீட்டுக்கு எடுக்க வேண்டாம். தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பை வழியாகக் குட்டிக்குப் போவதில்லை, சீம்பால் வழியாக மட்டும்தான். 12 மணி நேரத்துக்குப் பின் குடல் அதை உறிஞ்சுவது வெகுவாகக் குறைந்துவிடும், ஒரு நாளில் நின்றேவிடும். முதல் 6 மணிக்குள் குறைந்தது 1 லிட்டர் உள்ளே போக வேண்டும். பிரசவத்துக்குச் சில நாள் முன்பிருந்தே பால் ஒழுகினால் சீம்பால் வீணாகிறது என்று பொருள், அப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். தொப்புளுக்குச் சாணமோ சாம்பலோ மஞ்சளோ வேண்டாம். மருத்துவர் தந்த கிருமிநாசினியில் நனைத்தால் போதும். ரண ஜன்னிக்கு மிக எளிதில் பலியாகும் விலங்கு குதிரை, அந்தக் கிருமி லாயத்துச் சாணத்திலேயே இருக்கிறது.

ஈன்ற 7 முதல் 10 நாளில் பெட்டை மறுபடி பருவத்துக்கு வரும். சந்தையில் ‘குட்டிச்சூட்டிலேயே சேர்த்துவிடு’ என்பார்கள். பிரசவம் சிரமமாக இருந்தாலோ கொடி தாமதமாக விழுந்தாலோ அந்தப் பருவத்தை விட்டு, ஈன்ற ஒரு மாதம் கழித்து வரும் அடுத்ததைப் பாருங்கள். அதே நாள்களில் குட்டிக்கு லேசாகக் கழிவது இயல்பு. குட்டி சோர்ந்து பால் குடிக்காமல் இருந்தால் மட்டும் உடனே காட்ட வேண்டும். 5, 6 மாதத்தில் தாயிடமிருந்து பிரிக்கலாம்.

10ஆம் மாதம் பிறந்ததுமே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். குதிரைப் பிரசவம் பார்த்த அனுபவமுள்ள மருத்துவர் உங்கள் பக்கத்தில் யார், நள்ளிரவில் வருவாரா என்று நேரில் கேட்டு, எண்ணை லாயத்துச் சுவரில் எழுதி வையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. ஆம்பூரிலிருந்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் குதிரையை ஏற்றிச் செல்ல 3 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வண்டிக்காரரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.